டைல் பதித்த தம்பியின் மெசினைப் பிடித்து வைக்காதீர்கள்



நம் ஊரில் வீட்டுத் திருத்த வேலையில் பிழை வந்தால் முதலில் அகப்படுகிறவர் கடைசி ஆள்தான். கொந்தராத்து எடுத்தவர் போனை எடுக்கமாட்டார். பைப் வேலை செய்தவர் வேறு ஊர். டைல் பதித்தவரோ பக்கத்துத் தெரு. ஆகவே சத்தமெல்லாம் அவருடைய வாசலில்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய காசில் மேல்மாடிக் குளியலறையைத் திருத்தினார்கள். இரண்டு மாதத்தில் கீழே ஹோல் சீலிங்கில் ஈரம் படர்ந்தது. கோபத்தில் டைல் பதித்த தம்பியின் வெட்டும் மெசினைப் பிடித்து வைத்துவிட்டார்கள். ஒன்பது நாள் அவருக்கு உழைப்பில்லை. நாங்கள் நாலு பேர் பேசப் போனோம். அந்த உம்மாவின் கவலையும் நியாயம். தம்பி வீட்டு அடுப்பும் எரிய வேண்டும்.

நாங்கள் கேட்டது ஒன்றே: “வேலையை யாரிடம் பேசிக் கொடுத்தீர்கள்? காசை யாரிடம் கொடுத்தீர்கள்?” கொந்தராத்துக்காரரிடம் என்றார்கள். அப்படியென்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தான் செய்தாலும் ஆள் வைத்துச் செய்வித்தாலும் வேலைக்குப் பொறுப்பு அவருடையது. “அது டைல்காரன் விட்ட பிழை” என்று அவர் தப்ப முடியாது.

அதற்காக உப கொந்தராத்து எடுத்தவர் பொறுப்பற்றவர் என்று அர்த்தமில்லை. தன் பங்கு வேலைக்கு அவர் கொந்தராத்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய கவனயீனத்தால் ஒருவருக்குக் காயமோ பொருட்சேதமோ வந்தால், உடன்படிக்கை இல்லாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் நேரடியாக அவர்மீது நட்டஈட்டு வழக்கு வைக்க இடமுண்டு. ஆனால் பிழை அவருடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். அவருடைய பொருளைப் பறித்து வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

கடைசியில் கொந்தராத்துக்காரரை வரவழைத்து, அவர் முன்னால் டைலைக் கழற்றிப் பார்த்தோம். அடியில் வோட்டர் புரூப் பூச்சே இல்லை. அதைப் பூசுவது டைல் தம்பியிடம் கொடுத்த வேலையும் இல்லை. மெசின் அன்றே திரும்பியது. குளியலறையைக் கொந்தராத்துக்காரர் தன் செலவில் திருத்திக் கொடுத்தார்.

எல்லாம் இப்படிப் பேசி முடியாது. சிறிய தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். பணம் வாங்கிச் சேவை வழங்கும் வியாபாரி உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அங்கே முறையிடுவதானால் 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்; 1977 இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். வழக்குக்கும் காலக்கெடு உண்டு: எழுதிய உடன்படிக்கைக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம், கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு 2 வருடம். எழுத்தில்லாமல் வேலை செய்தவர் கூலி கேட்டு வழக்கு வைக்க இருப்பதோ 1 வருடம்தான். தொழிலாளித் தம்பிமாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பாடசாலையில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதப் பழக்குகிறோம். பல லட்சம் ரூபாய் வேலைக்கு ஒரு தாள் எழுதக் கூச்சப்படுகிறோம். என்ன வேலை, என்ன பொருள், எவ்வளவு காசு, எந்தெந்தத் தவணை, யார் யாரை வைத்துச் செய்விப்பார், பிழை வந்தால் எத்தனை மாதம் வரை இலவசமாகத் திருத்துவார் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் போதும். குளியலறை என்றால் டைல் பதிக்க முன்னர் வடிகாலை அடைத்து, 24 மணித்தியாலம் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுக்கு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

வேலை நடக்கும்போது படமும் எடுத்து வையுங்கள். வீடு கட்டுகிற உறவுகளுக்கும், வேலைக்குப் போகிற தம்பிமாருக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.