டச்சுக் கிளி பேசிய தமிழ்

நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு நான் போனது 90 நாள் விசாவில். அதில் 70 நாள் ஓடிவிட்டது. ஆறு வயதுப் பேத்தி என்னைப் பார்த்துச் சிரிப்பாள், மடியில் வந்து உட்காருவாள், நான் பிசைந்து கொடுக்கும் தயிர்சாதத்தை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். தமிழில் பேச மட்டும் மாட்டாள். நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதில் டச்சு மொழியில் வரும். அம்மா முறைத்தால் ஆங்கிலத்துக்கு மாறும். நான் மருமகள் முகத்தைப் பார்ப்பேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அவள், கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி மொழிபெயர்த்துச் சொல்வாள்.

சொந்தப் பேத்தியோடு பேசவே நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறதே என்று ராத்திரியில் நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் மகன், "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உன்னை எஃப்டெலிங் கூட்டிட்டுப் போகணும்மா" என்றான்.

"அது என்னலே, கோயிலா?"

"தீம் பார்க்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் ராட்டினத்துல ஏறவா?"

"நீ ஒண்ணுலயும் ஏற வேண்டாம். அங்க ஒரு கதைக்காடு இருக்கு. சும்மா நடந்தா போதும்."

ஐந்தோவனிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். வடக்கு பிராபன்ட் மாகாணத்தில், காட்ஸ்ஹூவல் என்ற சின்ன ஊரில் இருக்கிறது எஃப்டெலிங். மாகாணத்தின் பெயரில்தான் வடக்கு. இருப்பதென்னவோ நாட்டின் தெற்கே. 1952-ல் தொடங்கிய பூங்கா. 1955-ல் திறந்த அமெரிக்க டிஸ்னிலேண்டுக்கே மூன்று வருஷம் மூத்தது. வருஷத்தில் 365 நாளும் திறந்திருக்கிறது. தேதியைக் குறிப்பிட்டு ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிடலாம். கார் இல்லாதவர்கள் டில்பர்க் அல்லது டென் பாஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். முக்கியமான விஷயம், வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு டப்பா முறுக்கோடு கிளம்பினோம்.

வாசலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து கூர்மையான கோபுரங்கள்போல எழும்பி நிற்கும் பிரம்மாண்டமான நாணல் கூரை. 'ஐம்புலன்களின் வீடு' என்று அதற்குப் பெயராம். நம் ஊரில் கூரை வீடு என்றால் எப்போது இடித்து கான்கிரீட் போடலாம் என்று பார்ப்போம். இங்கே அதைப் பார்த்துக்கொண்டேதான் உலகமே உள்ளே நுழைகிறது.

மகனுக்கும் மருமகளுக்கும் 'பாரன் 1898' மேல் ஒரு கண். தங்கச் சுரங்கம்போல அமைத்த ரோலர் கோஸ்டர். வண்டி உச்சிக்குப் போய், கீழே இருக்கும் குழியைப் பார்த்தபடி சில விநாடி தொங்கும். பிறகு 37.5 மீட்டர் செங்குத்தாகப் பூமிக்குள் பாயும். பாப்பாவுக்கு உயரம் போதாது. எனக்குத் துணிச்சல் போதாது.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நானும் இவளும் கதைக்காட்டுக்குப் போறோம்" என்றேன்.

மருமகள் தயங்கினாள். "அத்தை, கையை விட்றாதீங்க" என்று சொல்லி, பேனாவால் பாப்பாவின் கையில் தன் போன் நம்பரை எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு என் கையிலும் எழுதினாள்.

அப்படித்தான் 70 நாளில் முதல்முறையாக, நடுவில் ஆள் இல்லாமல் நானும் அவளும் தனியாக நடந்தோம்.

கதைக்காடு நிஜமான காடுதான். வானத்தை மறைக்கும் மரங்கள், ஈர மண் வாசனை, கோணல் சுவரும் பாசி பிடித்த கூரையுமாகச் சின்னச் சின்ன வீடுகள். ஆன்டன் பீக் என்ற டச்சு ஓவியர் வரைந்து கொடுத்ததை வைத்து, 10 கதைகளோடு ஆரம்பித்தார்களாம். இன்று ஏறக்குறைய 30 கதைகள் வளர்ந்திருக்கின்றன. ஒரு கோட்டைக்குள் இளவரசி தூங்குகிறாள். உற்றுப் பார்த்தால் மூச்சில் மார்பு ஏறி இறங்குகிறது. வழியோரச் சிவப்புக் காளான்களில் காதை வைத்தால் சங்கீதம் கேட்கிறது. ஒரு நெட்டைக் கழுத்துக்காரன், கழுத்தை மரத்துக்கு மேலே உயர்த்தி ஊரை வேடிக்கை பார்த்துவிட்டு இறக்குகிறான்.

ஒவ்வொன்றையும் காட்டிப் பாப்பா டச்சில் பொரிந்தாள். நான் தலையாட்டினேன். எனக்குப் புரியவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. சுற்றுமுற்றும் அம்மாவைத் தேடினாள்.

அப்போதுதான் அந்தக் கிளி வந்தது. முதல் 10 கதைகளில் இதுவும் ஒன்று. நாம் என்ன சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்லும். எங்களுக்கு முன்னால் நின்ற பிள்ளைகளெல்லாம் டச்சில் கத்த, அதுவும் டச்சில் கத்தியது. எங்கள் முறை வந்ததும் பாப்பா வெட்கப்பட்டு என்னை முன்னே தள்ளினாள். எனக்கு வேறென்ன வாயில் வரும்?

"சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிட்டியா?" என்றது கிளி.

பாப்பாவின் கண் விரிந்ததே, பார்க்க வேண்டும். அடுத்த நொடி என்னை ஒதுக்கிவிட்டு அவள் முன்னே வந்துவிட்டாள். "எனக்கு முறுக்கு வேணும்!" கிளிக்கும் முறுக்கு வேண்டுமாம். "ஆச்சிக்குக் கால் வலிக்குது!" கிளி அதையும் கவலையோடு சொன்னது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆச்சி, இந்தக் கிளிக்குத் தமிழ் தெரியுது!"

அது எப்படி வேலை செய்கிறது என்று நான் விளக்கப்போகவில்லை.

அதன் பிறகு அவள் வாய் ஓயவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு குண்டு மனிதன் வாயைப் பிளந்துகொண்டு "பாபீர் ஹீர்!" என்று கூவினான். ஹோலே போலே ஹைஸ் என்று பெயர். பூங்காவில் பல இடங்களில் இவன் இருக்கிறான். உண்மையில் இவன் ஒரு குப்பைத் தொட்டி. "பேப்பர் இங்கன்னு சொல்றான் ஆச்சி. அவனுக்குப் பசிக்குது!" முறுக்கு சுற்றிய காகிதத்தை நீட்டினாள். ஸ்ஸ்ஸென்று இழுத்துக்கொண்டு நன்றி சொன்னான். அதன் பிறகு வழியில் கிடந்த காகிதத்தையெல்லாம் பொறுக்க ஆரம்பித்தாள். அவளைப்போலப் பத்துப் பிள்ளைகள் குப்பை தேடி அலைந்தார்கள். 'குப்பை போடாதீர்' என்று நாம் எழுதிவைக்கும் பலகை செய்யாததை, பசித்த ஒரு வாய் செய்துகொண்டிருந்தது.

'இந்திய அல்லிகள்' என்று ஒரு கதை. பெல்ஜியம் நாட்டு ராணி ஃபாபியோலா எழுதியது. 1966-ல் இங்கே வந்தது. "இது உன் ஊரு கதை!" என்று என்னை இழுத்துப்போனாள். குகைக்குள் இருட்டு. குளத்தில் அல்லிகள் விரிய, அதிலிருந்து தேவதைகள் எழுந்து ஆட, தவளைகள் வாத்தியம் வாசிக்கின்றன. இந்தியாவைத்தான் எங்கேயும் காணோம்.

"உன் ஊர்ல தவளை இப்படிப் பாடுமா?"

"மழை பெஞ்சா பாடும்ட்டி. தாளம்தான் கொஞ்சம் தப்பும்" என்றேன்.

கடைசியாகத் தீக்குச்சி விற்கும் சிறுமி. ஆண்டர்சன் எழுதிய கதை. ஆசிரியை வேலையில் இருந்த காலத்தில் நானே வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பனி கொட்டும் தெரு. குளிருக்கு ஒவ்வொரு தீக்குச்சியாகக் கிழிக்கிறாள் சிறுமி. வெளிச்சத்தில் ஒவ்வொரு கனவாகத் தெரிகிறது. முடிவில் செத்துப்போன பாட்டி தோன்றி, அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். பாப்பா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் ஊட்டினேன். ரெண்டு வாய் வாங்கிவிட்டுக் கேட்டாள்:

"அந்த ஆச்சி ஏன் முன்னாடியே வரல?"

சாதத்தோடு என் கை அப்படியே நின்றுவிட்டது. நாலு வருஷமாக மகன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். முட்டி வலி என்றேன். வீட்டைப் பூட்டிப் போட முடியாது என்றேன். தென்னைக்கு யார் தண்ணீர் விடுவார்கள் என்றேன். பாளையங்கோட்டை வீட்டில் தென்னை வளர்ந்துகொண்டிருந்தது. இங்கே இவள் பேசப் பழகிக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்கணும்ட்டி. தப்புதான்" என்றேன். கதையில் வரும் ஆச்சியைச் சொல்கிறேன் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

"நீ எப்ப போவ?"

"இன்னும் இருபது நாள்."

பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள். போதவில்லை. என் கையையும் இழுத்து விரித்து எண்ணி முடித்தாள். "நிறைய இருக்கு" என்றாள்.

மகனும் மருமகளும் தலை கலைந்து, முகம் வெளிறி வந்து சேர்ந்தார்கள். அம்மாவைக் கண்டதும் பாப்பா டச்சில் ஆரம்பித்தாள். கிளி, குண்டு மனிதன், தவளை என எல்லாக் கதையையும் கொட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினாள். மருமகள் வழக்கம்போல எனக்கு மொழிபெயர்க்க வாய் திறந்தாள்.

"அம்மா, நீ சொல்லாத. ஆச்சிக்கு நான் சொல்றேன்" என்றாள் பாப்பா.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் முறுக்கு டப்பாவை மூடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. எங்களுக்கு ராத்திரி ஒன்பதரை, அவர்களுக்குச் சாயங்காலம் ஆறு. தினமும் அந்த நேரத்துக்கு போன் அடிக்கும். எடுத்ததும் நான், "சாப்பிட்டியா?" என்பேன்.

அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளி சொல்லும்: "சாப்பிட்டியா?"