ஏழு எழுத்து

ஆங்கிலத்தில் எனக்குள்ள தேர்ச்சியைப் பற்றி நான் பெருமையடித்துக்கொள்வதற்கில்லை. கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தேன். அதற்கு மேல் படிப்பு ஓடவில்லை. தமிழில் சில நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கிய பிறகும், யாராவது ஓர் ஆங்கில வார்த்தைக்கு ஸ்பெல்லிங் கேட்டுவிட்டால் இன்றைக்கும் எனக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்டவனை ஆங்கில எழுத்து விளையாட்டில் இழுத்துவிட்டவர் என் மாமா.

மாமா என்றால் என் தாயாரின் தம்பி. பெசன்ட் நகரில் ஹவுஸிங் போர்டு கட்டிய பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டாம் மாடியில் இருக்கிறார். சர்க்கார் கணக்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. மாமி காலமாகிவிட்டாள். ஒரே பிள்ளை சிகாகோவில். சாயங்காலம் எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபம் வரை நடந்துவிட்டு வந்து, ஸ்கிராபிள் பலகையை விரிப்பார். வாரத்துக்கு இரண்டு நாள் நான்தான் அகப்படுவேன்.

முதல் பாடத்தை நான் மறக்கவில்லை. "நம்ம பேட்டை பேரையே எடுத்துக்கோ. பி, ஈ, எஸ், ஏ, என், டி. அன்னி பெசன்ட் அம்மாளோட பேர். இதையே இப்படி மாத்தி வை" என்று கட்டைகளை நகர்த்தினார். ஏ, பி, எஸ், ஈ, என், டி. ஆப்சென்ட்!

"இந்தத் தெருவிலே வீட்டுக்கு வீடு அதுதானேடா!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். உடனே பேச்சை மாற்றுகிறவர்போல், மெட்ராஸைக் கலைத்து 'டிராமாஸ்' ஆக்கிக் காட்டினார். அதுவும் பொருத்தந்தான்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஆல்பிரெட் பட்ஸ் என்ற அமெரிக்கர். கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தவர், பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினாராம். 'ஈ' அடிக்கடி வருவதால் அதற்கு 12 கட்டை, மதிப்பெண் ஒன்று. 'க்யூ' அருமையாக வருவதால் ஒரே கட்டை, மதிப்பெண் பத்து. ஆக மொத்தம் 100 கட்டை. அதில் இரண்டு வெறுங்கட்டை. ஸ்கிராபிள் என்ற பெயர் 1948இல்தான் வந்தது.

நம் தமிழில் இது சுலபமல்ல. 247 எழுத்துக்கும் கட்டை செய்தால் கொட்டி வைக்கக் கோணிப்பைதான் வேண்டும். ஆனால் எழுத்தை வைத்து விளையாடும் ஆசை நம்மவருக்கும் இல்லாமல் போகவில்லை. தண்டியலங்காரத்தில் அக்கரச்சுதகம் என்றே ஒன்று உண்டு. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க நீக்க வேறு வேறு சொல் பிறக்க வேண்டும். நகரத்தில் முதல் எழுத்தை எடுத்தால் கரம். 'ர'வை எடுத்தால் நகம். இதை நான் சொன்னபோது மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

என்னோடு ஆடுவது பொழுதுபோக்கு. பிள்ளையோடு ஆடுவதுதான் மாமாவுக்கு ஆட்டம். கைபேசியிலேயே ஆடுகிறார்கள். இவர் ஒரு வார்த்தை வைத்தால், அவன் ஒழிந்த நேரத்தில் ஒன்று வைப்பான். இங்கே காலை ஆறு மணிக்கு அங்கே முந்தின நாள் மாலை. பல் விளக்கியதும் மாமா பார்ப்பது, பிள்ளை என்ன வைத்திருக்கிறான் என்பதைத்தான்.

போன டிசம்பரில் அவன் வந்திருந்தான். கூடத்தில் உட்கார்ந்து கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தவனை எதேச்சையாகப் பார்த்தேன். கையிலிருக்கும் ஏழு எழுத்தையும் கொடுத்தால் அவற்றிலிருந்து வரும் வார்த்தைகளை வரிசையாகக் கொட்டுகிற பக்கம் அது. அதன் சூட்சுமம் எளிது. அகராதியில் உள்ள ஒவ்வொரு வார்த்தையின் எழுத்துக்களையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். பெசன்ட்டும் ஆப்சென்ட்டும் அப்படி அடுக்கினால் ஒன்றேதான். நாம் கொடுக்கும் எழுத்தையும் அதேபோல் அடுக்கி ஒத்துப் பார்த்தால் தீர்ந்தது. இந்த விளையாட்டுக்கென்று ஆங்கிலேயர் தொகுத்த அகராதியில் ஏறக்குறைய 2,80,000 வார்த்தைகள் இருக்கின்றன. இயந்திரத்துக்கு அது கண் இமைக்கும் நேர வேலை.

எனக்கு ஆத்திரம் வந்தது. கிழவர் இராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வார்த்தை வைக்கிறார். இவன் இப்படியா ஏமாற்றுவது! அவன் ஊருக்குப் போனதும் மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியுமே. ரெண்டு வருஷமாத் தெரியும்" என்றார் மாமா.

ஒரு நாள் அவன் 'கனாட்' என்று வைத்தானாம். 'க்யூ'வுக்குப் பின்னால் 'யூ' வராத வார்த்தை. அர்த்தம் கேட்டதற்கு, "தெரியாதுப்பா, இருக்கு" என்றானாம். மாமா அகராதியைப் புரட்டினார். பாரசீகத்தில் பூமிக்கடியில் வாய்க்கால் வெட்டி வெகுதூரம் தண்ணீர் கொண்டுவருவார்களாம், அதற்குப் பெயர்.

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"அதைத் தட்டறதுக்கு அவனுக்கு ரெண்டு நிமிஷமாவது ஆகுமில்லையா? அந்த ரெண்டு நிமிஷம் எனக்குத்தானே?"

எனக்கு இது ஒப்பவில்லை. பொய் பொய்தானே என்றேன். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்றார். நியூஸிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே அகராதியை மனப்பாடம் செய்து, 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வாங்கினாரே, அர்த்தம் தெரியாமல் ஜெயிப்பதை உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று வாதாடினார். கணக்குக்காரரோடு வாதாடி யார் ஜெயிக்க முடியும்?

போன வாரம் போயிருந்தேன். மாமா பலகையை விரிக்கவில்லை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வெறுமே உட்கார்ந்திருந்தார். சில மாதங்களாகவே அவருக்கு மறதி. பேசும்போதே பெயர்கள் நழுவுகின்றன.

"மூணு நாளாச்சு. எழுத்து முன்னாலே இருக்கு, வார்த்தை வரமாட்டேங்கிறது. அவன் காத்திண்டிருப்பான்" என்றார். சற்றுப் பொறுத்து, என் முகத்தைப் பாராமல், "அந்தப் பக்கத்தை எனக்கும் காட்டிக் கொடேன்" என்றார்.

பொய் பொய்தான் என்று சொன்ன நான், ஏழு எழுத்தையும் அவரைச் சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டினேன். வார்த்தைகள் வந்து விழுந்தன. தலைப்பில் இருந்ததற்கு நல்ல மதிப்பெண். அதைக் காட்டினேன். மாமா விரலால் தள்ளிக்கொண்டே கீழே போய், நாலெழுத்து வார்த்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"அது ஏன் மாமா? இதிலே பாதிகூடக் கிடைக்காதே!"

"இதுக்கு எனக்கு அர்த்தம் தெரியும்டா. அவன் கேட்டா நான் சொல்ல வேண்டாமா?"