எதிர்ப்பு சக்தி குறைவா, கூடுதலா?

விடியும் முன்பே போடிநாயக்கனூர் தெருக்களில் ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தூக்குச்சட்டியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் நெருக்கி உட்கார, வண்டிகள் முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிப் போடிமெட்டுக்கு ஏறும். அதற்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலத்தோட்டங்கள்.

அந்த அம்மா இருபது வருடத்துக்கும் மேலாக அந்த ஜீப்பில் போய் வந்தவர். ஏலச்செடியில் காய் தலைக்கு மேலே தொங்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் பூவும் காயும். குனிந்தோ உட்கார்ந்தோதான் பறிக்க வேண்டும். அதே சரத்துக்குத் தேனீயும் வரும். அது வராவிட்டால் காய்ப்பு குறைந்துபோகும். அதனால் தேனீ கொட்டுவது அங்கே யாருக்கும் புதிதில்லை. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள்.

ஒருநாள் அப்படிப் போக முடியவில்லை. கழுத்தில் ஒரே ஒரு கொட்டு. ஐந்து நிமிடத்துக்குள் உள்ளங்கை அரித்தது. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். தொண்டை அடைத்துக் கண் இருட்டியது. தங்கச்சிதான் கூடவே ஜீப்பில் ஏறி மடியில் சாய்த்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் தொடையில் ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பியது. மறுநாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒரு வைத்தியம். “உனக்கு எதிர்ப்பு சக்தி இல்லக்கா” என்று ஒருவர் கஷாயம் கொண்டுவந்தார். இன்னொருவர் சத்து மாவு. அந்த அம்மாவும் அதை நம்பினார். நர்ஸிங் படிக்கும் மகளிடம், “ஏன் பாப்பா, எனக்குச் சத்து கொறஞ்சுதான் இப்படி ஆச்சா?” என்று கேட்டார்.

“கொறச்சல் இல்லம்மா. உன் உடம்பு தேவைக்கு மேல சண்டை போட்டுடுச்சு” என்றாள் மகள்.

அவள் சொன்னது இதுதான். நம் செல்களின் மேல் ‘ஏற்பி’கள் இருக்கின்றன. ரிசப்டர் என்பார்கள். வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே சொல்வது அவற்றின் வேலை. தோலிலும் மூச்சுக்குழாயிலும் ரத்தக்குழாய் ஓரங்களிலும் ‘மாஸ்ட் செல்’ என்ற காவல்காரச் செல்கள் உண்டு. முன்பு எப்போதோ கொட்டிய விஷத்துக்கு எதிராக உடம்பு ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்திருக்கும். அது மாஸ்ட் செல்லின் ஏற்பிகளில் போய்ப் பொருந்தி வாரக்கணக்கில் காத்திருக்கும்.

தனியாக நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. பேங்க் லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டுமல்லவா, அதுபோல. மறுபடி விஷம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் உள்ளே உத்தரவு போகும். செல் தன்னிடமுள்ள ஹிஸ்டமினைக் கொட்டும். அது ரத்தக்குழாயின் ஏற்பிகளைத் தொட்டால் குழாய் விரிந்து நீர் கசியும். அதனால் வீக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். மூச்சுக்குழாயைத் தொட்டால் அது சுருங்கும்.

ஐஜிஇயை 1966-ல் கண்டு சொன்னவர்கள் ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோவும். அமெரிக்காவின் டென்வரில் வேலை பார்த்த அவர்கள், தங்கள் தோலிலேயே ஊசி போட்டுச் சிவக்கிறதா என்று சோதித்துப் பார்த்தவர்கள்.

அலர்ஜி மாத்திரை ஹிஸ்டமின் உட்கார வேண்டிய ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். அரிப்புக்கும் தடிப்புக்கும் அது போதும். மூச்சு அடைத்தால் போதாது. அப்போது அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். அதற்கென்று இருக்கும் வேறு ஏற்பிகளைத் தொட்டு, விரிந்த ரத்தக்குழாயை அது சுருக்கும், சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறக்கும். அடங்கிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி கிளம்பலாம் என்பதால்தான் ஆஸ்பத்திரியில் தங்க வைக்கிறார்கள்.

“அப்ப இந்தச் சண்டைக்கு பிரேக்கே கிடையாதா?” என்றார் அம்மா.

உண்டு. உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைக்கும் டி செல்கள் இருக்கின்றன. ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அவற்றைக் கண்டறிந்தார். அவருக்கும் மேரி புரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. தேனீ விஷத்தையே துளித்துளியாக 3 முதல் 5 வருடம் ஊசியில் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அதைச் சிறப்பு மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அம்மா அன்றைக்கே கஷாயத்தை நிறுத்தினார். மலைக்குப் போவதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது போடியிலேயே ஏலக்காய் தரம் பிரிக்க உட்காருகிறார். கூலி மலையை விடக் குறைவு. பேச்சுத்துணை உண்டு.

தங்கச்சி இன்னமும் மலைக்குப் போகிறார். முதல் நாள் ஜீப் வாசலில் நின்றபோது அக்கா போய்ச் சொன்னார்: “கொட்டுன எடம் வீங்குனா பயப்படாத. ஒதடு வீங்குனாலோ மூச்சு எளைச்சாலோ சுண்ணாம்பு தேடிட்டு நிக்காத. வண்டி ஏறிடு.” டிரைவரிடமும் அதையே ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.