தண்ணி வடிஞ்ச எடை

அப்பாவின் பழைய கணக்கு நோட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஓர் எடைச்சீட்டு விழுந்தது. இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் என்னவென்று கேட்பார்கள். ரயில்வே ஸ்டேஷனில், சுற்றிலும் கலர் பல்பு மினுக்க, கண்ணாடிக்குள் சக்கரம் சுழல ஒரு மிஷின் நிற்குமே, அது தள்ளிய சீட்டு. ஒரு பக்கம் நடிகை படம், முகம் பாதி அழிந்துவிட்டது. மறுபக்கம் ஒரு வரி ஜோசியம், அதற்குக் கீழே எடை: 53 கிலோ. சிதம்பரம் ஸ்டேஷன், 2005. அது என் எடை இல்லை. அன்று நான் 50 கிலோ பிரிவையே முக்கி முக்கித்தான் எட்டியிருந்தேன்.

அப்பா கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீனுக்கு எடை போட்டவர். விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் வெயில் ஏறித்தான் வருவார். அவர் தெருமுனை திரும்பும்போதே கவுச்சி வீட்டுக்கு வந்துவிடும். சங்கராவும் கானாங்கெளுத்தியும் ஐஸ் தண்ணி சொட்டச் சொட்டத் தராசுக்கு வரும். விற்கிறவர் அப்படியே வை என்பார். வாங்குகிறவர் உதறி வை என்பார். அப்பா இரண்டு பேர் முகத்தையும் பார்க்கமாட்டார். கூடையைத் தூக்கிப் பிடித்தபடி, "தண்ணி வடியட்டும்" என்று மட்டும் சொல்வார். அவசரப்படுத்தினால் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருப்பார். சின்ன வயதில் துறைமுகம் போனால் எனக்கு வேடிக்கையே அதுதான்: அப்பாவின் கை நரம்பு புடைத்திருக்கும், கூடையின் அடியில் தாரை தாரையாக விழுந்த தண்ணி மெல்ல மெல்லச் சொட்டாகும், பிறகு நிற்கும்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு நான் பாக்ஸிங் கற்கப் போனது 2003இல், பதினைந்து வயதில். எதிர்வீட்டு அண்ணன் போனான், நானும் போனேன், அவ்வளவுதான். எங்கள் மாஸ்டர் வடசென்னையில் கற்றவர். பார்சிலோனா ஒலிம்பிக்கில் 54 கிலோவில் இறங்கிய நம்ம தேவராஜன், 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியதை வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். நான்கு ஜோடி கிளவுஸை இருபது பேர் மாற்றி மாற்றிப் போடுவோம். முந்தினவன் வியர்வை ஈரத்தோடு கை உள்ளே போகும். முதல் வாரம் குமட்டியது, அப்புறம் பழகிவிட்டது. மணலில் ஓடினால்தான் கால் கெட்டிப்படும் என்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் துரத்துவார். சுனாமிக்குப் பிறகு பல மாதம் அம்மா கடல் பக்கமே விடவில்லை. ஓடவேண்டிய தூரத்தைக் கெடிலம் கரையில் ஓடினேன்.

என் எடை 46. அந்த வருஷங்களில் பெண்களுக்கு 46, 48, 50, 52, 54 என்று இரண்டிரண்டு கிலோவாகப் படி வைத்திருந்தார்கள். 2005 போட்டிக்கு 46இல் இன்னொரு பெண்ணுக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது, 48இலும் ஆள் இருக்கிறது. "நீ அம்பதுல ஏறிடு" என்றார்கள். பதினேழு வயதில் அதை ஒரு அநியாயமாக நான் நினைக்கவில்லை. பஸ்ஸில் இடம் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் ஏறுவது மாதிரி நினைத்துக்கொண்டேன்.

2012, ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வேலை கிடைத்து சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் குடியிருந்தேன். டிவி இருந்தது பக்கத்து வீட்டில். லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக ரிங்கில் ஏறிய நாள் அது. நம்ம மேரி கோமுக்கு எதிரில் போலந்துக்காரி கரோலினா மிகால்ச்சுக். நான் பாக்ஸிங் விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பாய் மேல் உட்கார்ந்தவள் உள்ளங்கையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தேன். மேரி குட்டை. அந்தப் பெண்ணின் கை நீளத்துக்குள் புகுந்து அடித்துவிட்டு வெளியே வரவேண்டும், ஒவ்வொரு முறையும். இரண்டிரண்டு நிமிஷமாக நான்கு ரவுண்டு. மூன்றாவது ரவுண்டில் கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் எங்களுக்கெல்லாம் அது தினப்படி நடப்புதான், ஆனால் அன்றைக்கு வாசலுக்கு வந்து இருட்டில் நின்றபோது தொண்டை அடைத்தது. சென்னையிலிருந்து தம்பி போன் பண்ணினான். "19–14க்கா. மேரி ஜெயிச்சிட்டாங்க."

பக்கத்து வீட்டு அக்கா விசிறிக்கொண்டே, "அந்த வெள்ளைக்காரப் பொண்ணு யாருடி? நல்லாத்தானே ஆடுனா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் தேடிப் படித்தேன். அன்றிலிருந்து அந்தப் பெண் என் மனசை விட்டுப் போகவில்லை.

2008இல் சீனாவின் நிங்போவில் பெண்கள் உலகப் போட்டி நடந்தது. மேரி கோம் 46 கிலோவில் தங்கம். இரட்டைக் குழந்தை பெற்றெடுத்த மறு வருஷம். அதே நிங்போவில் 54 கிலோவில் தங்கம் வாங்கியவர் இந்தக் கரோலினா. ஒரே ஊர், ஒரே போட்டி, இரண்டு பேரும் உலக சாம்பியன். நடுவில் எட்டுக் கிலோ. ரிங்கில் ஒருநாளும் சந்தித்திருக்கவேண்டாத இரண்டு பேர்.

அப்புறம் ஒலிம்பிக் வந்தது. 2009இல் பெண்களுக்கும் இடம் உண்டு என்று முடிவெடுத்தார்கள். ஆண்களுக்குப் பத்து எடைப்பிரிவு. பெண்களுக்கு மூன்று: 51, 60, 75. மொத்தம் 36 பெண்கள், பிரிவுக்குப் பன்னிரண்டு பேர். 46 கிலோக்காரியும் 54 கிலோக்காரியும் போக இருந்த வாசல் ஒன்றுதான். உலகப் போட்டியிலும் 2010இல் 46 என்ற படியையே எடுத்துவிட்டார்கள். மேரி 48க்கு ஏறினார், பிரிட்ஜ்டவுனில் அதிலும் தங்கம் வாங்கினார், அதற்குப் பிறகு 51க்கு ஏறினார். பூனாவில் பையன்களோடு பயிற்சி செய்து, கனத்த அடியை வாங்கிப் பழகிக்கொண்டார். அந்தப் பக்கம் கரோலினா 54இலிருந்து இறங்கினார். இப்படி ஏறி ஒருத்தியும் இறங்கி ஒருத்தியுமாக ஒரே மாடிப்படியில் முட்டிக்கொண்டதைத்தான் நான் பாதியில் கரண்ட் போகப் பார்த்திருக்கிறேன்.

எடை மாறுவது ஆண்கள் உலகத்தில் இல்லாததா? அதே போலந்தின் தோமாஷ் அதாமெக் 2005இல் 79 கிலோவில் பெல்ட் வாங்கினார், 2008இல் 90 கிலோவில் வாங்கினார், 2011இல் ஹெவிவெயிட்டில் விட்டாலி கிளிச்கோவிடம் தோற்றார். ஆனால் அவர் போன ஒவ்வொரு படியிலும் ஒரு பெல்ட் காத்திருந்தது. போகலாம், நிற்கலாம், அது அவர் இஷ்டம். இந்தப் பெண்களுக்கு நிற்க இடம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது.

ஏறுவதாவது சாப்பிட்டு ஏறுவது. அம்மா எனக்கு வேர்க்கடலை உருண்டையும் பூவன் பழமும் பழைய சோறுமாகக் கொடுத்துத் தள்ளினாள். எடை பார்க்கிற அன்று காலையில் ஒரு சொம்புத் தண்ணியைக் குடித்துவிட்டு, வயிறு குலுங்கக் குலுங்கத் தராசில் ஏறி நின்றேன். 48ஐத் தாண்டியதா என்றுதான் பார்த்தார்கள். இறங்குவது வேறு. கொழுப்பு கரைவதெல்லாம் முதல் சில வாரத்தோடு சரி. கடைசி இரண்டு கிலோ, மூன்று கிலோ தண்ணிதான். பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக்கொண்டு மேலே ஸ்வெட்டர் போட்டு உச்சி வெயிலில் ஓடுவார்கள். எலுமிச்சம்பழத்தை நாக்கில் தடவித் துப்பித் துப்பி எச்சிலைக்கூட வெளியேற்றுவார்கள். ரத்தம் கெட்டிப்படும், நெஞ்சு படபடக்கும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். தொழில்முறை பாக்ஸிங்கில் முந்தின நாளே எடை பார்த்துவிடுவதால், ஒரு ராத்திரி முழுக்கக் குடித்துத் தேறிக்கொள்ளலாம். எங்கள் மாதிரிப் போட்டியில் ஆட்டம் இருக்கும் ஒவ்வொரு நாள் காலையிலும் தராசு ஏறவேண்டும். காலையில் வற்றிய உடம்போடுதான் சாயங்காலம் அடி வாங்கணும்.

மேரியும் அதை அனுபவித்தவர்தான். 2018 செப்டம்பரில், போலந்திலேயே, கிளிவிட்சே என்ற ஊர். விடியற்காலை மூன்றரை வாக்கில் போய் இறங்கியிருக்கிறார். ஏழரைக்கு எடை பார்க்கவேண்டும். 48க்கு மேல் இரண்டு கிலோ கூட இருக்கிறது. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஸ்கிப்பிங் ஆடி, நான்கு மணி நேரத்தில் அந்த இரண்டு கிலோவை வடித்திருக்கிறார். தங்கமும் வாங்கினார். செய்தியைப் படித்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். எனக்கு அந்தக் கயிறு தரையில் படும் சத்தம்தான் கேட்டது. மூன்று பிள்ளை பெற்ற உடம்பு, 35 வயது, யாரும் எழுந்திராத நேரத்தில் குதித்துக்கொண்டிருக்கிறது.

2005இல் எங்கள் போட்டி சிதம்பரத்தில். அம்மாவும் நானும் கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் காலை வண்டி பிடித்தோம். மீட்டர்கேஜ் வண்டி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று நின்று நின்று, வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று அள்ளி வீச, கிள்ளை தாண்டி சிதம்பரம். எடை பார்த்து முடிந்ததும் அம்மா என்னைத் தில்லைக் காளியிடம் கூட்டிப்போனாள். ஆட்டப் போட்டியில் நடராசர் காலைத் தலைக்கு மேல் தூக்கினார், அப்படித் தூக்க முடியாமல் காளி தோற்று ஊர் எல்லைக்கு வந்துவிட்டாள் என்பது கதை. "தோத்த சாமிகிட்ட எதுக்கும்மா வேண்டிக்கிற?" என்றேன். அம்மா குங்குமத்தை என் நெற்றியில் அழுத்தி வைத்தாள். "அவளும் ஆடத் தெரிஞ்சவதான்" என்றாள்.

எனக்கு எதிரில் வந்த பெண் சீர்காழிப் பக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். காலையில் தராசு வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். கையில் கைக்குட்டை, அதில் துப்பிக்கொண்டே இருந்தாள். உதடு வெடித்து வெள்ளை கட்டியிருந்தது. 54 அவள் எடை. அவளுக்கும் அங்கே யாரோ இடம் பிடித்திருந்தார்கள். முள் சரியாக 50இல் நின்றது. இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் ரவுண்டில் அவள் விட்ட நேர் குத்து ஒன்று என் கிளவுஸைத் தாண்டி நெற்றியில் விழுந்தது. நான் 46 கிலோ உடம்போடு அப்படியொரு கனத்தை வாங்கியதே இல்லை. கண்ணில் பூச்சி பறந்தது. இன்னொன்று விழுந்தால் முடிந்தது என்று நினைத்தேன். அந்த இன்னொன்று வரவில்லை. இரண்டாவது ரவுண்டில் அவள் கால் நகரவில்லை. கை தூக்கினாள், ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. நான் புகுந்து புகுந்து அடித்தேன். மூலையிலிருந்து மாஸ்டர் "விடாதே, விடாதே" என்று கத்தினார். அவள் வாயோரம் நுரை காய்ந்து ஒட்டியிருப்பது தெரிகிற தூரத்தில் நின்று அடித்தேன். புள்ளிக் கணக்கில் என் கையைத் தூக்கினார்கள். அந்த ஒரு வெற்றியைத்தான் வீட்டில் எல்லாரும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். நான் கூடச் சேர்ந்து சிரித்ததில்லை.

குழாயடியில் அவளைப் பார்த்தேன். குனிந்து, இரண்டு கையையும் குவித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்வாள், மூச்சு வாங்குவாள், திரும்பக் குனிவாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். "குடிடி. நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு சொட்டு குடிக்கல நான்" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். அம்மாதான் அவளையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷன் ரோட்டில் இட்லி வாங்கிக்கொடுத்தாள். கத்திரிக்காய் கொத்சு, சிதம்பரத்துக் கொத்சு. ஒன்பது இட்லி சாப்பிட்டாள். அம்மா அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் தட்டில் இருந்ததையும் எடுத்து வைத்தாள்.

ஸ்டேஷனில் எங்கள் வண்டிக்கும் அவள் வண்டிக்கும் அங்கேதான் கிராஸிங். நாங்கள் வடக்கே, அவள் தெற்கே. நேரம் இருந்தது. மிஷின் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு ரூபாய் ஒன்றே ஒன்று. "நீ ஏறுக்கா" என்றேன். ஏறினாள். சக்கரம் சுற்றி நின்றது, சீட்டு விழுந்தது. எடுத்துப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தாள். ஜோசியத்தைப் படித்துக்காட்டினாள், என்ன எழுதியிருந்தது என்பது மறந்துவிட்டது. சீர்காழி வண்டி வந்துவிட்டது. அவசரத்தில் சீட்டு என் கையிலேயே தங்கிவிட்டது. ஜன்னலிலிருந்து கையாட்டினாள். கைக்கட்டை இன்னும் அவிழ்க்கவே இல்லை. அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் அவளைப் பார்க்கவில்லை. பேர் கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை.

லண்டன் ஆட்டத்துக்கு மறுநாள் படித்துக்கொண்டே வந்தபோது, 54 என்ற எண்ணில் கண் நின்றுவிட்டதற்குக் காரணம் அவள்தான். மேரி அதற்கடுத்த ஆட்டமும் ஜெயித்து, அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று, வெண்கலத்தோடு வந்தார். ஊரெல்லாம் கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆகஸ்ட் 5 அவருடைய இரட்டைப் பிள்ளைகளின் ஐந்தாவது பிறந்தநாள் என்று தெரிந்தபோது அழுதேன். கரோலினா அன்று காலையில் 51க்காகத் தராசு ஏறியிருப்பாரே, முந்தின நாள் எப்போது தண்ணி குடித்திருப்பார் என்பதும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

சிதம்பரம் போட்டி முடிந்து வீடு வந்த ராத்திரி, அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மெடலைக் காட்டினேன். வாங்கி, கையில் எடை பார்ப்பது மாதிரித் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். பையிலிருந்து சீட்டும் வந்து விழுந்தது.

"யாருது இது?"

"என்கூட ஆடுன அக்காவுதுப்பா. சாயங்காலம் ஏறிப் பாத்தா."

"காலையில எவ்வளவு?"

"அம்பது."

அப்பா பேனாவை மூடினார். சீட்டை விளக்குப் பக்கம் கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தார். அவர் உதடு கணக்குப் போடுவது தெரிந்தது. பிறகு எதுவும் சொல்லாமல், அன்றைக்கு எழுதிய பக்கத்திலேயே அதை வைத்து நோட்டை மூடிவிட்டார்.