கால் விரலின் கோபம்

பெரிய வியாதிகளுக்கு உலகத்தில் ஒரு மரியாதை உண்டு. மாரடைப்பு என்றால் உற்றார் உறவினர் ஓடி வருகிறார்கள். ஆரஞ்சுப் பழங்கள் வந்து குவிகின்றன. கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் புகுந்துகொண்டது என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். போர்வையின் ஓரம் பட்டாலும் உயிர் போய் மீளும் என்பது அந்த விரலுக்கு உடையவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் திருத்தணி, முருகப் பெருமான் சினம் தணிந்து அமர்ந்த தலம். மற்ற முருகன் கோயில்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே நடப்பதில்லை. மலைக்குப் படிகள், ஆண்டின் நாட்களைப் போல 365. ஆடிக் கிருத்திகையன்று தமிழ்நாட்டிலிருந்தும் அண்டையிலுள்ள ஆந்திரத்திலிருந்தும் காவடிகள் திரள் திரளாக வரும். அந்தக் கூட்டத்தில் வெறுங்காலோடு ஏற வேண்டும். சென்ற ஆண்டு ஆடி பிறந்தபோது, சினம் தணியாமல் சிவந்து வீங்கியிருந்தது எனது வலது கால் கட்டைவிரல் ஒன்றுதான்.

பார்த்தவர்கள் எல்லாரும் நகச்சுற்று என்று தீர்ப்புச் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகச் சொன்னார் ஒருவர். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசச் சொன்னார் இன்னொருவர். உண்மையில் இரண்டும் வெவ்வேறு. நகத்தைச் சுற்றியுள்ள சதையில் கிருமி புகுந்து பழுப்பது நகச்சுற்று. இதிலோ நகத்தின் ஓரமே முள்ளாகிச் சதையைக் குத்துகிறது. முள் உள்ளே இருக்கும்வரை மேலே எதைப் பூசி என்ன பயன்? இறுக்கமான சப்பாத்து, ஓயாத வியர்வை, நகத்தின் மூலைகளை வளைத்து ஒட்ட வெட்டும் வழக்கம் ஆகியவையே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

"உங்கள் அண்ணாவின் காலை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்" என்றாள் என் மனைவி. என் தமையனாருக்கு நெடுநாளாக நீரிழிவு. இதே போன்ற நகத்தின் மூலையைச் சவர பிளேடால் தாமே சீவிக்கொண்டார். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தபடியால் காயம் பட்டதே அவருக்குத் தெரியவில்லை. சில வாரங்களில் புண் கறுத்தது; முடிவில் விரலையே எடுக்க நேர்ந்தது. ஆகவே, டாக்டர் என் நகத்தைப் பார்க்குமுன் சர்க்கரை உண்டா என்று விசாரித்ததும், பாதத்தில் நாடித் துடிப்பைத் தொட்டுப் பார்த்ததும் எனக்கு வியப்பளிக்கவில்லை. சென்னையில் 1948-லேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென ஒரு தனிப் பிரிவு தொடங்கினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நீரிழிவுக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் பிளேடும் கையுமாக உட்காருவதுதான் வேதனை.

"ஆரம்பத்திலேயே வருபவர்களுக்குக் கத்தி வேண்டியதில்லை" என்றார் டாக்டர். வெதுவெதுப்பான உப்பு நீரில் தினம் சில வேளை காலை ஊறவைத்து, நக ஓரத்தின் அடியில் சிறு பஞ்சுத் திரியைச் செருகி வந்தால், நகம் சதையைத் தாண்டி வளர்ந்துவிடுமாம். என் விரலிலோ சதை திரண்டு நகத்தின்மேல் ஏறியிருந்தது. ரணசிகிச்சைக்கு நாள் குறித்தார்.

விரலின் அடியில் இருபுறமும் ஊசி போட்டார்கள். உண்மையான வலி அது ஒன்றுதான். சுவீடனில் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட லிக்னோகெயின் என்ற அந்த மருந்து சில நிமிஷங்களில் விரலை மரக்கட்டையாக்கிவிட்டது. ரத்தம் வராதபடி ரப்பரால் இறுக்கிக் கட்டி, நகம் முழுவதையும் விட்டுவிட்டுக் குத்திய ஓரத்தை மட்டும் ஒரு கீற்றாக வேர்வரை பிளந்து எடுத்தார்கள். அத்துடன் நின்றால் அதே முள் மறுபடி முளைக்கும். நகம் பிடுங்கிக்கொண்டவர்கள் பலர் ஆறு மாதத்தில் திரும்பி வருவதன் ரகசியம் இதுதான். ஆகையால் அந்த வேரின்மேல் பீனால் தடவி, அதை வளராமல் செய்தார்கள். பீனால் என்பது வேறொன்றுமல்ல, பழைய ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் மணக்குமே, அந்தக் கார்பாலிக் அமிலந்தான். 1865-ல் கிளாஸ்கோ நகரில் லிஸ்டர் அதைக் கொண்டு புண்களைச் சீழ் பிடிக்காமல் காத்தார். நக வேருக்கு அதைப் பயன்படுத்தும் முறை 1945-ல் அமெரிக்கப் பாத வைத்தியர்களின் பத்திரிகையில் வெளிவந்தது.

அரை மணியில் எல்லாம் முடிந்தது. சில வாரங்கள் நீர் கசிந்தது. தினம் கழுவிக் கட்டுப் போட்டதில் புண் ஆறியது. அந்த ஆடிக் கிருத்திகைக்கு மலையேறக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். டிசம்பர் 31 படித் திருவிழாவில், படிக்கொரு திருப்புகழ் பாடிச் செல்லும் அடியார்களோடு நிதானமாக ஏறினேன்.

நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு சிவப்பைக் கண்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடங்களில் சப்பாத்துக்குப் பளபளப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதற்குள் வளரும் பிள்ளையின் விரலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறோமா? கடவுளின் பாதத்தைத் திருவடி என்று போற்றி, மலரிட்டு வணங்குகிறவர்கள் நாம். அந்தத் திருவடியை நாடி 365 படி ஏறிச் செல்லும் நமது பாதத்துக்கும் கொஞ்சம் மரியாதை செய்தால் குறைந்து போகாது.