பருவநிலைப் பேரவைக்கு மக்களை அழைத்தல்

பருவநிலைக் கொள்கைக்கான குடிமக்கள் பேரவையில் குலுக்கல் முறையில் தேர்வான சாதாரண மக்கள் சில வார இறுதிகளில் கூடுகிறார்கள். வல்லுநர்களிடம் கேட்டறிந்து, தமக்குள் விவாதித்து, அரசுக்குப் பரிந்துரை வழங்குகிறார்கள். அயர்லாந்தில் 99 குடிமக்கள் 2017இல் இரண்டு வார இறுதிகளை இதற்காக ஒதுக்கினர். பிரான்சில் 150 பேர் கொண்ட பேரவை 2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை நடந்தது. பிரிட்டனில் 108 பேர் 2020இல் பர்மிங்காமில் கூடினர். கொரோனா வந்ததும் எஞ்சிய அமர்வுகள் இணையவழிக்கு மாறின.

இத்தகைய பேரவைக்கான தேவை எங்கிருந்து வருகிறது என்பதற்கு பிரான்ஸ் தெளிவான சான்று. எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது. பேருந்தோ ரயிலோ எட்டாத ஊர்களில் காரை நம்பி வேலைக்குப் போகிறவர்கள்தான் அந்த வரியின் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. கொள்கையின் சுமை யார் தலையில் விழுகிறதோ அவர்களைக் கேட்காமல் வகுத்த திட்டம் தெருவிலேயே தோற்றது. அதன் பிறகே பேரவை கூட்டப்பட்டது. “சமூக நீதியின் உணர்வோடு 2030க்குள் பசுங்குடில் வாயுக்களை 1990ஆம் ஆண்டின் அளவிலிருந்து குறைந்தது 40 விழுக்காடு குறைப்பது எப்படி?” என்பதே அதன் முன் வைக்கப்பட்ட கேள்வி.

முதல் வேலை, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. குலுக்கல் தமிழருக்குப் புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஆனால் அங்கே வரி செலுத்தும் நிலமும் கல்வித் தகுதியும் உடையவர்களின் பெயர்கள் மட்டுமே குடத்துக்குள் போயின. எடுக்கும் கை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், குடத்துக்குள் போகாத பெயர் வெளியே வராது. இன்றைய பேரவைக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் 30,000 வீடுகளுக்கு அழைப்புக் கடிதம் போனது. பிரான்சில் கணினி உருவாக்கிய தொலைபேசி எண்களுக்கு அழைப்பு போனது. இரண்டு வழியிலும் பதில் தருகிறவர்களில் படித்தவர்களும் ஓய்வு உள்ளவர்களும் இந்தப் பொருளில் ஏற்கெனவே ஆர்வம் கொண்டவர்களுமே மிகுதியாக இருப்பார்கள். ஆகவே முன்வந்தவர்களிலிருந்து வயது, பாலினம், கல்வி, தொழில், ஊர் போன்ற அளவுகோல்களின்படி நாட்டின் மக்கள்தொகையை ஒத்த குழு இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

பிரிட்டன் இதில் இன்னொரு அளவுகோலையும் சேர்த்தது. பருவநிலை மாற்றம் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, கவலையே இல்லை என்றவர்களுக்கும் இடம் ஒதுக்கியது. இது இன்றியமையாதது. ஒரே எண்ணம் கொண்டவர்கள் கூடித் தீர்மானம் போட்டால், “அது அவர்கள் கூட்டம்” என்று ஊர் ஒதுக்கிவிடும்.

அழைத்தால் மட்டும் போதாது, வருவதற்கு வழியும் செய்ய வேண்டும். சனிக்கிழமை வேலையை விட்டால் கூலி போய்விடும் என்பவருக்கு வெறும் அழைப்பிதழால் பயனில்லை. பிரான்சில் நீதிமன்ற ஜூரிகளுக்குத் தருவதைப் போல நாளொன்றுக்குச் சுமார் 86 யூரோ தரப்பட்டது. பயணம், தங்குமிடம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது. அயர்லாந்தின் அந்தப் பேரவையில் செலவுத் தொகை தவிர வேறு ஊதியம் இல்லை. இடையில் விலகியவர்களுக்குப் பதிலாக ஆள் தேடுவது தொடர் வேலையாயிற்று. 2018 தொடக்கத்தில், மாற்று உறுப்பினர்களில் ஏழு பேர் முறைப்படி வீடு வீடாகச் சென்று சேர்க்கப்படாமல், ஆள் சேர்க்கும் பணியாளர் ஒருவரின் அறிமுக வட்டத்தின் வழியாக வந்தவர்கள் என்று தெரியவந்தது. அவர்கள் நீக்கப்பட்டனர். ஆள் சேர்ப்பில் குறுக்குவழிக்கு இடமே இல்லை.

கடிதமும் தொலைபேசியும் எட்டாத இடங்களுக்கு அந்தந்த ஊரின் அமைப்புகளே பாலம். கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டையொட்டி 2021இல் நடந்த உலகப் பேரவை, மக்கள்தொகைப் பரவலை வைத்துக் குலுக்கிப் பூமியில் நூறு இடங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வோர் இடத்திலும் உள்ளூர் அமைப்பு ஒன்று ஆளைத் தேடியது, இணைய வசதியும் மொழிபெயர்ப்பும் செய்து தந்தது, அமர்வுகளின்போது உறுப்பினருக்குத் துணை நின்றது. இந்தியாவிலிருந்தும் பலர் இருந்தனர். ஊருக்குத் தெரிந்த முகம் வந்து விளக்கும்போதுதான், இது ஏமாற்று வேலையோ என்ற ஐயம் தீரும்.

அடுத்தது மேசை. பேரவையின் உண்மையான வேலை ஏழெட்டுப் பேர் அமரும் சிறு மேசைகளில்தான் நடக்கிறது. ஒவ்வொரு மேசைக்கும் நெறிப்படுத்துநர் ஒருவர் இருப்பார். அவர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. வல்லுநர் பேசி முடித்ததும் உடனே விவாதத்தைத் திறந்துவிட்டால், பேசிப் பழகிய இருவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். எனவே முதலில் இரண்டு நிமிடம் அமைதியாக எழுதச் சொல்வது வழக்கம். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் எழுதியதைப் படிப்பார்கள். எழுதத் தயங்குகிறவரிடம் நெறிப்படுத்துநர் வாய்மொழியாகக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே அட்டையில் எழுதி ஒட்டுவார். “டீசல் விலை ஏறினால் என் பிழைப்பு போய்விடும்” என்று ஒருவர் சொன்னால் அதை எதிர்ப்பு என்று தள்ளிவிடாமல், “என்ன ஏற்பாடு இருந்தால் இதை உங்களால் ஏற்க முடியும்?” என்று கேட்பதே நல்ல நெறிப்படுத்துநரின் திறமை.

அந்தக் கேள்வி பரிந்துரையின் தரத்தையே மாற்றுகிறது. கரிம உமிழ்வு மிகுந்த செயல்களுக்குக் கூடுதல் வரி கட்டத் தயார் என்று அயர்லாந்துப் பேரவையில் 80 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஆனால் எரிபொருள் உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பங்கள் மேல் அந்த உயர்வு விழக் கூடாது என்ற நிபந்தனையும் உடன் இருந்தது. வேளாண் உமிழ்வுக்கு வரி வேண்டும் என்று 89 விழுக்காட்டினர் சொன்னபோது, அந்தப் பணம் பருவநிலைக்கு உகந்த வேளாண்மைக்கே திரும்ப வேண்டும் என்றும், மண்ணில் கரிமத்தைச் சேமிக்கும் விவசாயிக்கு வெகுமதி வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

நூறு பேர் அறைக்குள் அடையும் தெளிவு, வெளியே இருக்கும் இலட்சக்கணக்கானோருக்குத் தானாகப் போய்ச் சேராது. அதனால் அயர்லாந்து பொதுமக்களிடம் எழுத்துவழிக் கருத்துகளைக் கேட்டது. அமர்வுகளை நேரலையில் ஒளிபரப்பியது. ஸ்காட்லாந்தின் பேரவையில் சேரும் வயதை எட்டாத குழந்தைகளின் கருத்துகளைக் குழந்தைகள் நாடாளுமன்றம் என்ற அமைப்பு திரட்டி உறுப்பினர்கள் முன் வைத்தது. மீனவர், விவசாயி, பழங்குடியினர் போல நேரடியாகப் பாதிக்கப்படுவோரைச் சான்று சொல்ல அழைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. குலுக்கலில் வராத சிறு சமூகத்தின் குரல் அந்த வழியில்தான் அறைக்குள் நுழையும்.

கடைசிக் கட்டம், அரசின் பதில். பிரான்சில் பேரவையின் முன்மொழிவுகள் வடிகட்டப்படாமல் வாக்கெடுப்புக்கோ நாடாளுமன்றத்துக்கோ ஆணைக்கோ போகும் என்று அதிபர் மக்ரோன் வாக்குறுதி தந்திருந்தார். 149 முன்மொழிவுகளில் மூன்றைத் தவிர மற்றவற்றை ஏற்பதாக 2020 ஜூனில் அறிவித்தார். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேக வரம்பு அந்த மூன்றில் ஒன்று. ஆனால் சட்ட வரைவில் பல முன்மொழிவுகள் நீர்த்துப்போயின. 2021 பிப்ரவரியில் மீண்டும் கூடிய உறுப்பினர்கள், தங்கள் முன்மொழிவுகளை அரசு கையாண்ட விதத்துக்குப் பத்துக்குச் சராசரியாக 3.3 மதிப்பெண் தந்தனர். அயர்லாந்தில் தனி நாடாளுமன்றக் குழு அமைக்கப்பட்டு, பரிந்துரைகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. வேளாண் வரி நிறைவேறவில்லை. ஆயினும் 2019இல் செயல்திட்டமும், 2021இல் கரிம வரவுசெலவுகளை, அதாவது உமிழ்வுக்கான வரம்புகளை, கட்டாயமாக்கும் சட்டமும் வந்தன.

பேரவை கூட்ட நினைக்கும் எந்த அரசும், முதல் கடிதத்தை அஞ்சலில் சேர்ப்பதற்கு முன்பே மூன்றை எழுதி வெளியிட வேண்டும்: பரிந்துரைகள் யாரிடம் போகும், எந்தத் தேதிக்குள் பதில் வரும், மறுக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் எப்படித் தெரிவிக்கப்படும். இவற்றை எழுதித் தர முடியாத அரசு மக்களை அழைக்கக் கூடாது.