நாளாகக் கறுக்கும் மை

சென்ற வாரம் பள்ளியிலிருந்து திரும்பிய என் பேரன், தெம்பனிஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் வாசலிலேயே தயங்கி நின்றான். புத்தகப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். மெல்ல விலக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் பந்துமுனைப் பேனாவின் மை, ஒரு வெள்ளி நாணய அளவுக்குப் பரவியிருந்தது.

"தாத்தா, இது போகுமா? அம்மா திட்டுவாங்க" என்றான்.

"போகும்" என்றேன். சட்டையின் உட்புறத்தில் பழைய வெள்ளைத் துணி ஒன்றை மடித்து வைத்தேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினேன். பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய்ப் பசை உடையது. தண்ணீருக்கு இளகாது, ஸ்பிரிட்டுக்கு இளகும். இளகிய மையை அடியிலுள்ள துணி உறிஞ்சிக்கொள்ளும். அத்துணியை மாற்றி மாற்றி வைக்கவேண்டும். தேய்த்தால் கறை பரவும். அது முற்றும் நீங்குமுன் இஸ்திரி போட்டாலோ, சூட்டில் நிலைத்துவிடும். அரைமணி நேரத்தில் சட்டை வெளுத்தது.

"இதெல்லாம் உங்களுக்கு யார் தாத்தா சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டான். எளிய கேள்விதான். ஆயினும் என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

என் தந்தையார் சிராங்கூன் சாலையை அடுத்த சந்து ஒன்றில் சலவைக் கடை வைத்திருந்தார். ஊரார் வழக்கில் அவர் 'டோபி'. இந்நகரில் அத்தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர், பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினார்கள். அந்த இடமே டோபி காட் ஆயிற்று. 1987இல் அங்கே ரயில் நிலையம் திறக்கப்பட்டபோதும் அப்பெயரே நிலைத்தது. ஆனால், சிறுவனாகிய எனக்கு அந்தப் பெயர் பெருமையாகத் தோன்றவில்லை. வகுப்பில் 'டோபி மகன்' என்று சிலர் கேலி செய்தது ஒன்றே என் நெஞ்சில் நின்றது.

1966ஆம் ஆண்டு பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'எழுத்தர்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கையொப்பம் வாங்கச் சென்றபோது, "என்ன எழுதியிருக்கிறாய், தம்பி?" என்று கேட்டார்.

"பேரும் விலாசமும்தான், அப்பா" என்றேன்.

அவர் பேனாவை வாங்கி, நிதானமாகத் தம் பெயரைத் தமிழில் எழுதினார். பேனாவைத் திரும்ப வாங்கும்போது என் கை நடுங்கியது. மை என் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

அது நீலக்கறுப்பு மை. பழங்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதன் உறவுதான் அது. அதில் இரும்புச் சத்து உண்டு. எழுதும்போது நீலமாக இருக்கும்; காற்றுப் படப்படக் கறுத்து, நீரில் கரையாததாகிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டால் நீலம் மட்டும் போய், இரும்பின் பழுப்புக் கறை தங்கிவிடும். அதற்கு வேண்டியது புளிப்பு. புளிப்பிலுள்ள அமிலம் இரும்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும்.

அப்பாவின் மலாய் நண்பர் ஒருவர் தெம்பனிஸ் கம்பத்தில் குடியிருந்தார். அன்று இப்பகுதி மணற்குழிகளும் தோட்டங்களும் சூழ்ந்த நாட்டுப்புறம். கடைக்கு வரும்போதெல்லாம் தம் வீட்டு மரத்துப் பிளிம்பிங் காய்களைக் கொண்டுவந்து கொடுப்பார். நாவில் வைக்க இயலாத புளிப்பு! அப்பா இரண்டு காய்களை நசுக்கி, உப்புச் சேர்த்து, அந்தச் சாற்றைக் கறையின்மீது ஊற்றினார். நான் பரபரப்போடு தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதே, தம்பி. கறைக்கு அவசரம் ஆகாது. அன்றே பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். நாளாக நாளாகத்தான் அது பிடித்துக்கொள்ளும்" என்றார்.

மறுநாள் அந்தச் சட்டையை அணிந்துகொண்டுதான் படிவத்தைக் கொடுத்தேன். சட்டையில் கறையின் சுவடே இல்லை. ஆசிரியர் படிவத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் அடுக்கில் வைத்துக்கொண்டார். என் பொய்யை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் எழுதிய அன்று நீலமாக இருந்த அந்த ஒரு சொல், ஆண்டுகள் செல்லச் செல்ல என்னுள் கறுத்துக்கொண்டே வந்தது. அப்பா இருந்தவரையில் அதை அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. அவர் மறைந்த பிறகும், கேட்டவர்களிடம் "அப்பா கடை வைத்திருந்தார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பேரன் இன்னும் விடைக்காகக் காத்திருந்தான்.

"என் அப்பாதான் சொல்லிக்கொடுத்தார். அவர் சலவைத் தொழிலாளி. டோபி" என்றேன்.

அவன் கண்கள் விரிந்தன. "டோபி காட் ஸ்டேஷன்ல வர்ற டோபியா?"

"அதே டோபிதான்."

"இதை ஏன் தாத்தா முன்னாடியே சொல்லல?"

அதற்கும் என்னிடம் விடை இல்லை. அவனோ ஈரச் சட்டையைத் தூக்கிக்கொண்டு, தன் கொள்ளுத்தாத்தாவின் தொழிலைப் பற்றித் தாயிடம் சொல்வதற்காகச் சமையலறைக்கு ஓடினான்.